எந்த அப்பா?

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று சொல்வார்கள். இருக்கட்டுமே. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளுக்குக் கோபம் வராவிட்டால் ரோட்டில் போகிறவர்கள் கதி என்னாவது? பயிற்சிக் காரில் என் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் மறந்தால் நான் மிதிப்பேன். மிதித்துவிட்டு நன்றாகத் திட்டுவேன். என் முதுகுக்குப் பின்னால் 'பிரேக்கம்மா' என்று பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம்.

அன்று மத்தியானம் ஓட்டிக்கொண்டிருந்தவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஸ்டியரிங்கை விட்டால் ஓடிப்போய்விடும் என்பதுபோல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டுவார். "சார், அது எங்கேயும் போகாது, கொஞ்சம் மூச்சு விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. என் நாத்தனார்.

நாத்தனார் எனக்குப் போன் செய்கிற வழக்கமே கிடையாது. எதுவானாலும் அவர் தம்பி, அதாவது என் வீட்டுக்காரர், வழியாகத்தான் வரும். அக்காவும் தம்பியும் சேர்ந்து கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்கள். தம்பி அறுப்பார், அக்கா கல்லாவில் உட்கார்ந்து பேரம் பேசுவார். எனக்கும் நாத்தனாருக்கும் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே அறையில் இருந்தால் யாராவது ஒருவருக்கு அவசரமாக வேறு வேலை வந்துவிடும்.

"கண்ணாடி அறுத்துக்கிட்டே இருந்தான். திடீர்னு கட்டரைக் கீழ வெச்சுட்டு மேஜையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டான். சட்டையெல்லாம் வேர்வை. நெஞ்சு இறுக்குதுங்கறான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். நீ வந்துடு."

என் வீட்டுக்காரருக்கு நாற்பது வயது. அவரைப் பெற்றவர் நாற்பத்தொன்றில் போனவர். மாடிப்படியில் பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த வயதை நான் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன். "ஒரு தடவை போய்ச் செக்கப் பண்ணிக்கோங்க" என்று நான் கெஞ்சாத வருஷமில்லை. "நான் குச்சி மாதிரி இருக்கேன், எனக்கு எங்கிருந்து கொழுப்பு வரும்? கொழுப்பெல்லாம் உன் வாயிலதான்" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

"சார், ஓரமா நிறுத்துங்க. நான் ஓட்டறேன்" என்றேன்.

வாத்தியார் என் முகத்தைப் பார்த்தார். முதல் தடவையாக, சொன்ன இடத்தில் சொன்னபடி நிறுத்தினார். இறங்கி, "நான் பஸ்ல போய்க்கறேம்மா, நீங்க போங்க" என்றார்.

அவசரப் பிரிவில் அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மார்பில் வயர்கள். பக்கத்தில் நாத்தனார், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அழுகையை மறைக்கத் திட்டினேன்.

"ஏங்க, நெஞ்சு வலின்னா உட்காரணும். மேஜையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்களா?"

"கண்ணாடியில பாதிக் கோடு போட்டாச்சு. அப்படியே விட்டா வேற பக்கம் விரிசல் ஓடிடும். அதான் முடிச்சுட்டு…"

"முடிச்சீங்களா?"

"முடிச்சேன்" என்றார், பெருமையாக. இந்த மனிதரை என்ன செய்வது?

டாக்டர் சின்னப் பெண். என்னிடம் கார் கற்றுக்கொள்ள வருகிற பெண்களின் வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு. ஆனால் பேச்சு நிதானம்.

"ஈசிஜி நல்லா இருக்கு. ரத்தப் பரிசோதனையிலயும் ஒண்ணும் தெரியல. வலியும் இப்ப இல்லைங்கறார். கனமான கண்ணாடியைத் தூக்கினதுல சதை பிடிச்சிருக்கலாம். நான் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டுட்டேன், பயப்படற மாதிரி எதுவும் இல்லை. வீட்டுக்குப் போகலாம். அடுத்த வாரம் வெளிநோயாளிப் பிரிவுக்கு வந்து காட்டுங்க. திரும்ப வலிச்சா உடனே வாங்க."

"நிச்சயமா ஒண்ணும் இல்லையே டாக்டர்?"

"இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிருந்து ரெண்டாவது தடவை ரத்தம் எடுத்துப் பார்க்கலாம்னு சொன்னேன். இவர் போகணும்னு நிக்கறார்."

"நடனப் பள்ளிக்குப் பெரிய கண்ணாடி கொடுக்கணும். ஆள் வந்து காத்துக்கிட்டு இருக்கான்" என்றார் இவர், அதற்குள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

எனக்கும் அந்த நேரத்தில் ஒன்றும் இல்லை என்று கேட்கத்தான் ஆசையாக இருந்தது. டாக்டரே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன? அப்பாடா என்று மூச்சு வந்தது. நாத்தனாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பிக்கு ஒன்றுமில்லை என்று கேட்டவர் முகம்போல் அது இல்லை. ஆனால் அவர் முகம் என்றைக்கு மலர்ந்திருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பயிற்சிக் காரிலேயே மூவரும் கிளம்பினோம். நான் ஓட்டினேன். அவர் என் பக்கத்தில், வழக்கமாக நான் உட்காருகிற இடத்தில். நாத்தனார் பின்னால்.

அவருக்கு நல்ல உற்சாகம். பரீட்சையில் பாஸாகிவிட்ட பையனைப் போல் பேசிக்கொண்டே வந்தார்.

"டாக்டரம்மா தோண்டித் துருவிக் கேட்டாங்க. சிகரெட் உண்டா, இல்ல. தண்ணி உண்டா, இல்ல. சர்க்கரை உண்டா, இல்ல. எனக்கே என் மேல ஒரு மரியாதை வந்துடுச்சு. அப்பாவுக்கு நெஞ்சு வலி ஏதாவது வந்ததான்னு கேட்டாங்க. அப்பா எண்பத்தெட்டு வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தார், கடைசி வாரம் வரைக்கும் மாடி ஏறி இறங்கினார்னு சொன்னேன். அசந்து போயிட்டாங்க."

நான் கியர் மாற்றிக்கொண்டிருந்தேன். மாற்றி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை உள்ளே இறங்கியது.

"எந்த அப்பா?" என்றேன்.

"எந்த அப்பாவா? எனக்கு எத்தனை அப்பா?"

"ரெண்டு! உங்க வீட்டுல ரெண்டு!" என்று கத்திவிட்டு ஓரமாக நிறுத்தினேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என் மாமியார் அவர்கள் வீட்டில் மூத்த பெண். கல்யாணத்துக்குப் பிறகும் புருஷனோடு பிறந்த வீட்டிலேயே இருந்தார். அந்த வீடு நிறைய அவருடைய தம்பிகளும் தங்கைகளும். அக்கா புருஷனை அவர்கள் எல்லோரும் 'மாமா' என்று கூப்பிட்டார்கள். தங்கள் தகப்பனாரை 'அப்பா' என்று கூப்பிட்டார்கள். நடுவில் பிறந்த இந்த இரண்டு குழந்தைகளும் காதில் விழுந்ததைப் பிடித்துக்கொண்டன. பெற்ற அப்பா 'மாமா' ஆனார். அம்மாவைப் பெற்ற தாத்தா 'அப்பா' ஆனார். அம்மா மட்டும் எப்படியோ தப்பித்து அம்மாவாகவே இருந்தார். யாரும் திருத்தவில்லை. கல்யாணமான புதிதில், "உங்க மாமா போட்டோவை ஏன் நடு ஹால்ல மாட்டியிருக்கு?" என்று நான் கேட்டு, வீடே உருண்டு புரண்டு சிரித்தது. வருஷக்கணக்கில் அது எங்கள் வீட்டு ஜோக்.

"மாமாவைப் பத்திச் சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேனே. வேற யாருக்காவதுன்னு கேட்டாங்க. ஒரு மாமா மட்டும் நாப்பத்தொண்ணுல போயிட்டார்னு சொன்னேன்."

"ஒரு மாமா! அந்தப் பொண்ணு யாருன்னு நினைச்சிருக்கும்? அம்மாவோட தம்பியோ, அத்தை புருஷனோன்னு நினைச்சிருக்கும். பெத்த அப்பன்னு கனவுலயாவது நினைச்சிருக்குமா?"

அவர், "சரி, வாய் தவறிடுச்சு. அடுத்த வாரம் போறப்ப சொல்லிக்கலாம்" என்றார்.

"அடுத்த வாரமா? இப்பவே திரும்பறோம்."

"விளையாடாத. கடையில ஆள் நிக்கறான்."

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன், சிக்னல் போட்டேன், நடுத் தடுப்பில் இடைவெளி இருக்கிற இடத்தில் வண்டியைத் திருப்பினேன். பாதி திரும்பியிருப்பேன், வண்டி குலுங்கி நின்றுவிட்டது. என் கால் பிரேக்கில் இல்லை. குனிந்து பார்த்தால், அவர் என்னுடைய பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிரேக்கம்மாவுக்கே பிரேக்!

"காலை எடுங்க."

"நேரா கடைக்குப் போ, எடுக்கறேன்."

"நடு ரோட்ல நிக்கறோம்! எடுங்கன்னா!"

இரண்டு பக்கமும் வண்டிகள் ஹார்ன் அடித்தன. ஒரு லாரிக்காரன் எட்டிப் பார்த்து, மேலே இருந்த பயிற்சிப் பலகையைப் பார்த்து, "ஓட்டத் தெரியாதவங்களையெல்லாம் ரோட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறாங்க" என்றான். வேறு நாளாக இருந்தால் அவனை இறக்கி வைத்துக் கேட்டிருப்பேன்.

"உனக்கு எல்லாத்துலயும் பதற்றம்" என்றார் அவர். "டாக்டர் போகச் சொல்லியாச்சு. நீ டாக்டரை விடப் பெரிய ஆளா? மறுபடி போய் நின்னா சிரிக்க மாட்டாங்க? அக்கா, நீயாவது சொல்லு இவளுக்கு."

அவருக்கு அக்கா சொன்னால் வேதம். நானும் நாத்தனாரும் ஒரே பக்கம் நின்றதாக எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் கிடையாது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"காலை எடுடா" என்றார் நாத்தனார்.

அவர் திரும்பிப் பார்த்தார். நானும்தான்.

"அவ சொல்றது சரி. திரும்பட்டும். காலை எடுடான்னா!" குரல் கீச்சென்று உயர்ந்தது. கண்ணில் தண்ணீர். எனக்கு அப்போது நன்றியாகத்தான் இருந்தது. இந்த அம்மாவுக்கும் என்னைப் புரிகிறதே என்று நினைத்தேன்.

அவர் காலை எடுக்கவில்லை. "ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டு என்னை…" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. இடது கை தானாகத் தாடைக்குப் போனது. நெற்றி முழுக்க முத்து முத்தாக வேர்த்தது. பிரேக்கிலிருந்து அவர் கால் மெதுவாக வழுக்கி விழுந்தது.

"என்னங்க?"

"இறுக்குது" என்றார். "ரொம்ப இறுக்குது."

அந்த வழியில் நான் எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். மற்றவர்களுக்குச் செய்யக்கூடாது என்று சொல்லித்தருகிற அத்தனையையும் செய்தேன். சிவப்பு விளக்கில் நிற்கவில்லை. எதிர்ப் பாதையில் ஏறினேன். நாத்தனார் பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "கண்ணை மூடாதடா, என்னைப் பாரு, என்னைப் பாருடா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நானும் பேசிக்கொண்டே இருந்தேன். திட்டிக்கொண்டே இருந்தேன் என்று சொல்ல வேண்டும். திட்டுவதை நிறுத்தினால் ஏதோ நடந்துவிடும் என்று பயம்.

அவசரப் பிரிவு வாசலில் அதே டாக்டர். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"டாக்டர், இவர் அப்பான்னு சொன்னது அம்மாவைப் பெத்த தாத்தாவை. இவரைப் பெத்தவர்தான் நாப்பத்தொண்ணுல நெஞ்சு வலியில போனவர். இவங்க அவரை மாமான்னுதான் கூப்பிடுவாங்க. ரெண்டும் மாறிப்போச்சு."

அவள் முகம் வெளிறிப்போனது. ஒரே ஒரு கணம்தான். அப்புறம் அவள் ஓடினாள், எல்லோரும் ஓடினார்கள். மறுபடி ஈசிஜி. அந்தக் காகிதத்தை ஒருவர் இன்னொருவரிடம் காட்டினார். எனக்கு அந்தக் கோடுகள் புரியாது. பார்த்தவர்களின் முகம் புரிந்தது. ரத்தக்குழாயில் அடைப்பு, இப்போதே உள்ளே குழாய் விட்டுத் திறக்க வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டேன். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் என்னைத் தேடினார். "இங்கதான் இருக்கேன், போயிட்டு வாங்க" என்றேன். கடைக்குப் போகிறவரிடம் சொல்வதைப் போலத்தான் வந்தது.

கதவு மூடிக்கொண்டது. வெளியே நீளமான பெஞ்சு. நானும் நாத்தனாரும் இரண்டு முனையில் உட்கார்ந்தோம்.

காத்திருப்பது எனக்கு வராது. எழுந்தேன், நடந்தேன், உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கும் எங்கள் பையனைப் பக்கத்து வீட்டில் இருக்கச் சொல்லிப் போன் செய்தேன். "அப்பா எப்ப வருவார்?" என்று கேட்டான். "வருவார்" என்றேன். உடனே வைத்துவிட்டேன்.

சிறிது நேரத்தில் அந்தச் சின்ன டாக்டர் வந்தாள். எங்களுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உள்ள வேலை நடக்குது. பெரிய டாக்டர் பார்க்கறார்" என்றாள். "மாமான்னு சொன்னதும் எந்த வழி மாமான்னு நான் கேட்டிருக்கணும். கேட்கல. அப்பாவுக்கு இருந்ததுன்னு தெரிஞ்சிருந்தா, இவர் என்ன சொன்னாலும் அனுப்பியிருக்க மாட்டேன்."

அவளைத் திட்டத் தோன்றவில்லை. எங்கள் வீட்டு ஜோக்குக்கு அவள் என்ன செய்வாள்?

"இன்னொரு விஷயம். இப்ப ரத்தத்துல கொழுப்பு எவ்வளவுன்னு பார்த்தோம். ரொம்ப, ரொம்ப அதிகம். சாப்பாட்டால இவ்வளவு வராது. இது பிறவியிலேயே வர்றது. ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வரும். சாதாரணமா ரத்தத்துல இருக்கிற கெட்ட கொழுப்பைக் கல்லீரல் எடுத்துடும். இவங்களுக்கு அந்த வேலை சரியா நடக்கறதில்லை. சின்ன வயசுல இருந்தே குழாய்ல படிஞ்சுக்கிட்டே வரும். இவர் குதிகாலுக்கு மேல நரம்பு தடிச்சிருக்கு பாருங்க, அதுவும் இந்தக் கொழுப்புதான்."

செருப்புக் கடித்துக் கடித்து அப்படி ஆனதாகத்தான் நாங்கள் நினைத்திருந்தோம். அவருக்காக எத்தனை செருப்பு மாற்றியிருப்பேன்!

"அப்பாகிட்ட இருந்து வந்திருக்கும். பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா, ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதனால உங்க பையனுக்குப் பார்த்தே ஆகணும். பயப்படாதீங்க, முன்னாடியே தெரிஞ்சா மாத்திரை இருக்கு. ஒழுங்காச் சாப்பிட்டா எல்லாரையும் மாதிரி வாழலாம். தெரியாம இருக்கறதுதான் ஆபத்து." நாத்தனார் பக்கம் திரும்பினாள். "நீங்க கூடப்பிறந்தவங்கதானே? நீங்களும் ஒரு தடவை…"

"எனக்கு இருக்கு" என்றார் நாத்தனார்.

டாக்டர் நிறுத்தினாள்.

"ரெண்டு வருஷமா மாத்திரை சாப்பிடறேன்."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போனாள்.

"என்ன சொன்னீங்க அண்ணி?"

"பித்தப்பையில கல்லுன்னு ஆபரேஷன் பண்ணாங்களே, அப்ப ரத்தத்துல தெரிஞ்சுது. அந்த டாக்டர் அப்பாவைப் பத்திக் கேட்டப்ப நானும் எண்பத்தெட்டுன்னுதான் சொன்னேன். அவர் நம்பல. யாரு பெத்த அப்பான்னு கேட்டார். அப்புறம்தான் எனக்கே உறைச்சுது."

"அப்ப இன்னிக்கு இவர் அதையே சொன்னப்ப…"

"பக்கத்துலதான் நின்னேன்."

"கேட்டுக்கிட்டே நின்னீங்களா?"

"ஈசிஜி நல்லா இருக்குன்னாங்க. ஒண்ணும் இல்லைன்னு நினைச்சேன்."

"நினைச்சீங்களா! ரெண்டு வருஷமா என்ன நினைச்சீங்க? கூடப்பிறந்தவர் பக்கத்துலயே நின்னு கண்ணாடி தூக்கிட்டு இருக்கார். நீங்க வீட்டுக்குப் போய் உங்களுக்கு மட்டும் மாத்திரை போட்டுக்கறீங்க. எப்படி அண்ணி தொண்டையில இறங்கிச்சு?"

பெஞ்சில் இருந்த மற்றவர்கள் திரும்பினார்கள். திரும்பட்டும்.

"பொண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கிட்டு இருக்கோம்" என்றார் அவர், மிகவும் தாழ்ந்த குரலில். "பையன் வீட்டுல முதல் கேள்வியே குடும்பத்துல ஏதாவது வியாதி உண்டான்னுதான். எங்க வீட்டுல எல்லாரும் தொண்ணூறைத் தொடுவோம்னு சொல்லிட்டேன். தம்பிகிட்ட சொன்னா உன்கிட்ட சொல்வான். உன் வாய்க்குத் தெரிஞ்சா…"

"என் வாயா? இப்ப என் வாயா காரணம்?"

"கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்ச மறுநாளே சொல்லிடலாம்னு இருந்தேன். சத்தியமா."

எனக்கு அடிக்கக் கை வந்தது. உண்மையாகவே வந்தது. அதைச் சுவரில் ஊன்றிக்கொண்டு நின்றேன். இந்த அம்மாவை ஒரு காலத்திலும் மன்னிக்கக்கூடாது, அவர் பிழைத்தாலும் சரி, பிழைக்காவிட்டாலும் சரி என்று நினைத்தேன். 'பிழைக்காவிட்டாலும்' என்று நினைத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பெரிய டாக்டர் வந்தபோது இருவரும் ஒன்றாக எழுந்தோம்.

"அடைப்பை எடுத்தாச்சு. ஸ்டென்ட் வெச்சிருக்கோம். பேசறார்" என்றார். "இதயத்துல ஒரு பகுதி கொஞ்சம் பலவீனமாயிடுச்சு. இன்னும் முன்னாடி ஆரம்பிச்சிருந்தா அதையும் காப்பாத்தியிருக்கலாம். இனிமே கனம் தூக்கற வேலை வேண்டாம். ஆனா வீட்டுக்குப் போயிருந்தார்னா…" வாக்கியத்தை முடிக்காமல் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அழுதேன். நன்றாகச் சத்தமாக அழுதேன். நாத்தனார் என்னைப் பிடிக்க வந்தார். கையைத் தட்டிவிட்டேன்.

அப்போதுதான் நாத்தனாருடைய மகள் வந்தாள். ஆபீஸிலிருந்து நேராக, கழுத்தில் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல்.

"அத்தை, மாமாவுக்கு எப்படி இருக்கு?"

"பிழைச்சுட்டார்" என்றேன். பின்னால் நாத்தனார் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். சொல்லாதே என்கிற பிடி. இன்னுமா! என் ரத்தம் கொதித்தது. "உங்க அம்மா உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம். கேளு" என்றேன். "சொல்லுங்க அண்ணி. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நாத்தனார் என் முழங்கையை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் எங்கள் இருவரையும் பார்த்தாள். அவளுக்கு நேரம் எடுக்கவில்லை.

"அந்தக் கொழுப்பா?" என்றாள். "மாமாவுக்கும் அதுதானா?"

"உனக்கு எப்படி…" என்றார் நாத்தனார்.

"அம்மா, உன் மாத்திரை அட்டையைப் பார்த்து எப்பவோ கண்டுபிடிச்சுட்டேன். எதுக்குன்னு தேடிப் படிச்சேன். போய் ரத்தம் கொடுத்தேன். எனக்கும் இருக்கு. நானும் மாத்திரை சாப்பிடறேன்."

"பையன் வீட்டுக்கு…"

"அவருக்கு முதல் நாளே சொல்லிட்டேன். மாத்திரையை மறக்காம சாப்பிடுன்னார். அவங்க அம்மாவுக்கும் தெரியும். நீயா சொல்வேன்னு அவங்களும் பேசாம இருக்காங்க." அவள் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. "மாமாகிட்ட நீ சொல்லியிருப்பேன்னு நினைச்சேம்மா. உன் தம்பியாச்சே. அவர்கிட்டகூடவா சொல்லாம இருப்பேன்னு…"

யாரிடமிருந்து மறைக்க வேண்டும் என்று நாத்தனார் பயந்தாரோ, அவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தது உள்ளே படுத்திருந்தவருக்கு மட்டும்தான்.

நாத்தனார் பெஞ்சில் உட்காரக்கூட இல்லை. சுவரோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் பக்கத்தில் மண்டியிட்டாள். என் கோபம் அப்படியே இருந்தது. இரக்கம் வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு நர்ஸ் வந்து, நோயாளி விழித்துக்கொண்டார், ஒவ்வொருவராக வந்து பார்க்கலாம் என்றாள்.

"எழுந்திருங்க அண்ணி" என்றேன். "முதல்ல நீங்க போங்க. நீங்களே உங்க வாயால சொல்லுங்க. நான் சொன்னா வேற மாதிரி இருக்கும்."

போனார். தனியாக விட எனக்கு மனமில்லை. நர்ஸ் முறைத்தாள், பதிலுக்கு நானும் முறைத்துவிட்டு உள்ளே நுழைந்து வாசலிலேயே நின்றேன். அவர் முகம் வெளுத்துச் சின்னதாகிப்போயிருந்தது. நாத்தனார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். எதையும் விடவில்லை. பித்தப்பை ஆபரேஷன், மாத்திரை, மத்தியானம் பக்கத்தில் நின்று கேட்டும் வாயைத் திறக்காதது, எல்லாம். திட்டப் போகிறார், முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் திட்டட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

அவர் அக்காவைப் பார்த்தார். பேச மூச்சு சேகரிக்க வேண்டியிருந்தது.

"இன்னிக்கு மாத்திரை போட்டியா?" என்றார்.

நாத்தனார் இல்லை என்று தலையாட்டினார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுத அழுகையை நான் இதுவரை எந்தச் சாவு வீட்டிலும் கேட்டதில்லை.

எனக்கு என் வீட்டுக்காரர்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. கேட்க வேண்டிய கேள்வியா இது? பாதி இதயத்தைப் பறிகொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டு, பறித்தவளைப் பார்த்து மாத்திரை போட்டியா என்று கேட்கிற மனிதரோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது?

"போட்டுக்கோ. இங்கயே. என் கண்ணு முன்னாடி" என்றார் அவர்.

நாத்தனார் கைப்பையைத் துழாவினார். அட்டை கிடைத்தது. ஒரு மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தண்ணீருக்காகச் சுற்றிலும் பார்த்தார். அந்த அறையில் தண்ணீர் இல்லை. நான்தான் வெளியே போய், கூடத்துக் கோடியில் இருந்த குழாயில் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.